எங்கள் காக்கா அன்று அவுட்தான்

அல்லாஹ்வின் திருப்பெயரால் இதை எழுதத் தொடங்குகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்குத் தெரியாததல்ல, உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மௌத்தானவருக்கு நினைவு மலர் அச்சிடும் வழக்கம் அதிகம் இல்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவோம். வருடக் கத்தத்துக்கு மாடறுத்துச் சோறாக்குவோம். வசதியுள்ளவர்கள் யாசீன் கிதாபு அடித்துப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பார்கள். எங்கள் அண்ணன், காக்காவின் வருடக் கத்தத்துக்கு யாசீனோடு சில பக்கங்கள் சேர்த்து அச்சிடப் போகிறேன் என்று நான் சொன்னதும், காக்காவின் மனைவி, எங்கள் மதினி, தயங்கினார்.

"என்னத்துக்குகா இதெல்லாம்? மனிசன் ஒருத்தரையும் ஒரு சொல்லுச் செல்லாம இரிந்து, அப்படியே போயிட்டார்" என்றார்.

"அவர் செல்லாததாலதான் மதினி, மத்தவங்க செல்லிக்கிட்டே இரிந்தாங்க" என்றேன். அதன் பிறகு அவர் தடுக்கவில்லை. அட்டைக்குப் போட வேண்டிய படத்தையும் அவரே தேடி எடுத்துத் தந்தார்.

காக்கா சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை இங்கால், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நாங்கள் மூன்று பெண்கள்; நான் கடைக்குட்டி. வாப்பாவுக்கு அம்பாறைச் சந்தையில் கருவாட்டுக் கடை இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் காக்காவும் வாப்பாவோடு பஸ் ஏறிவிடுவார். குடியேற்றப் பகுதிகளிலிருந்து வரும் சிங்கள விவசாயிகளோடு பேசிப் பேசி அவர் சிங்களம் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் அமைச்சர்களின் சிங்களத்தைக் கேட்ட மாத்திரத்தில் தமிழாக்கிய மனிதர், அந்த மொழியைப் படித்தது நெத்தலிச் சாக்குக்கும் தராசுக்கும் நடுவில்தான். இதை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மூன்று பெண்களுக்கும் வீடு கட்டும் பொறுப்பு காக்காவின் தலையில் விழுந்தது. கொழும்புக்குப் போய் எழுதுவினைஞராகச் சேர்ந்து, மொழிப் பரீட்சைகள் எழுதி, பாராளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளரானார். காலி முகத்திடலில் கடலைப் பார்த்தபடி இருந்த பழைய கட்டடத்திலும், பிறகு குளத்துக்கு நடுவே கட்டிய புதிய கட்டடத்திலும் வேலை பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் வீடு கட்டி, எங்களைக் கரையேற்றிய பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி நினைத்தார். அப்போது அவர் காதோரம் நரைத்துவிட்டது. மூன்றாவது வீட்டில் நான் இருக்கிறேன். இதை எழுதுவதும் அதே வீட்டில் இருந்துதான்.

இந்த உழைப்புக்கு நடுவில் அவருக்கென்று இருந்த ஒரே ஆசை கிரிக்கெட். கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தர் அணிக்கு வார இறுதியில் ஆடுவார். ஒரு சதமும் கிடையாது. பஸ் காசும் சாப்பாடும் அவர் கையால்தான். பெருநாள் லீவில் ஊருக்கு வந்தால் எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஆடுவார். ஊரில் பாதிப் பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிய காலத்தில், காக்கா முழுக்கை வெள்ளைச் சட்டையும் வெள்ளை நீளக் காற்சட்டையும் வெள்ளை பூசிய சப்பாத்துமாகத்தான் இறங்குவார். பந்து வீசியவன் நன்றாக வீசினால், அவன் எதிரணியாக இருந்தாலும் "நல்ல பந்து தம்பி" என்பார். அதனால் ஊரில் அவருக்கு "விக்டோரியா மகாராணிர ஆள்" என்று பட்டப் பெயர். காக்காவுக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். பட்டப் பெயரோடு நின்றிருந்தால் எனக்கும் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

காக்கா, சில மைல் தள்ளியிருக்கும் மருதமுனையில் கல்யாணம் முடித்தார். கைத்தறிக் குடும்பம். நம்மூர் வழக்கப்படி அவர் மதினியின் வீட்டில் குடியேறினார். கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டில்தான் இருப்பான். உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஆண்களில் எத்தனை பேர் மனைவியின் கூரைக்குக் கீழே இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்று சற்று நினைத்துப் பாருங்கள். நினைத்துவிட்டு மேலே படியுங்கள்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம், நோன்புப் பெருநாளின் மறுநாள், எங்கள் ஊருக்கும் மருதமுனைக்கும் ஆட்டம் நடந்தது. மைதானத்தைச் சுற்றித் தலையில்லாத தென்னைகள் இன்னும் நின்றன. காக்கா காலையில் மதினி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஊருக்கு ஆட வந்தார். பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை. எங்கள் சாச்சியின் வளவு மைதானத்தை ஒட்டி இருந்ததால், நாங்கள் கிடுகு வேலியை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆட்டம் முடிகிற கட்டம். எங்களுக்கு இன்னும் சில ஓட்டங்கள்தான் தேவை. காக்கா நிலைத்து நின்று ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு ஆடத் தெரிந்தவர் யாரும் இல்லை. மருதமுனைப் பையன் ஒருவன் வீசிய பந்து காக்காவைத் தாண்டி விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. அந்த விக்கெட் காப்பாளர் வேறு யாருமல்ல, மதினியின் தம்பி, காக்காவின் சொந்த மச்சான். மருதமுனை அணி முழுவதும் கையைத் தூக்கிக் கத்தியது. பந்து வீசிய முனையில் நடுவராக நின்றவர் எங்கள் ஊர் ஆதம்பாவா மாஸ்டர். அவர் எங்கள் கழகத் தலைவர் உட்கார்ந்திருந்த கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

எங்கள் ஆட்கள் கைதட்டத் தொடங்கினார்கள். காக்கா கையுறையைக் கழற்றினார். துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

முதலில் ஒருவருக்கும் எதுவும் விளங்கவில்லை. தண்ணீர் குடிக்க வருகிறார் என்று கூடச் சிலர் நினைத்தார்கள். விளங்கிய பிறகு எழுந்த கூச்சலை நான் இந்த மலரில் எழுத முடியாது. யாசீனோடு சேர்த்துக் கட்டப்போகிற பக்கங்கள் இவை. எங்கள் அணி தோற்றது. தலைவர் கொட்டகையில் இருந்து எழுந்து, எல்லோருக்கும் கேட்க, "பொண்டாட்டி ஊட்டுச் சோத்துக்குக் கணக்குத் தீர்த்திட்டார்" என்றார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தச் சொல் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் இருந்தது.

காக்கா அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"காக்கா, மாஸ்டர் இல்லண்டு தலையாட்டினாரே. நிண்டிரிக்கலாமே?"

"பட்டது தங்கச்சி. பந்து பெட்டுல பட்டது எனக்குத் தெரியும். மறுகா அவர்ட்டக் கேக்க என்ன கிடக்கு?"

"அவருக்குக் கேட்டிரிக்குமா?"

"அது அவர்ர பாடு" என்றார். தேநீரைக் குடித்தார். அந்தப் பேச்சை அவர் அதற்குப் பிறகு தானாக எடுத்ததே இல்லை.

மச்சான் பிடித்த பிடி என்பதால் சந்தேகம் வந்தது என்று இன்றைக்கும் சிலர் எனக்கு நியாயம் சொல்ல வருகிறார்கள். நான் கேட்கிறேன்: ஊரை விற்க நினைக்கிறவன், நடுவர் காப்பாற்றிவிட்ட பிறகு, அத்தனை பேரும் பார்த்திருக்க வெளியே நடந்து வருவானா? அடுத்த பந்தைச் சும்மா மேலே தூக்கி அடித்துப் பிடி கொடுத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு வந்தால் எவனுக்குத் தெரியும்? இவ்வளவு கூட யோசிக்கத் தெரியாதவர்களா எங்கள் ஊரில் பெருந்தலைகளாக இருந்தார்கள்?

அடுத்த பெருநாளுக்கு மதினி வெள்ளை உடுப்பைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார். கழகத்தில் இருந்து அழைப்பு வரவில்லை. வராவிட்டாலும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காக்கா பையோடு மைதானத்துக்குப் போனார். எல்லைக் கோட்டருகில் நின்றவரிடம் ஒரு பொடியன் வந்து, "அங்கால போய் நில்லுங்க காக்கா, உங்கட ஆக்கள் அந்தப் பக்கம்" என்றான். அவன் வயதென்ன, காக்காவின் வயதென்ன? சொல்லிக் கொடுத்து அனுப்பியவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். காக்கா பையைத் திறக்காமலே மருதமுனைக்குத் திரும்பினார். மருதமுனைக்காரர் தங்கள் அணிக்கு ஆட அழைத்தபோது, "நான் சாய்ந்தமருதான். எங்கட ஊருக்கு எதிராப் பெட் புடிக்க மாட்டன்" என்று மறுத்துவிட்டார். இந்தக் கரையில் அவர் அதன் பிறகு ஆடவே இல்லை.

இதோடு விட்டீர்களா? அதுவும் இல்லை.

சில வருஷங்கள் கழித்து எங்கள் கடற்கரையில் கடலரிப்பு மோசமானது. மீனவர்களின் வாடிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கல்லணை வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் ஊர் முறையிட்டது. சபையில் பேசுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். கல் வரவில்லை. ஊருக்கு வந்தவரைக் கூட்டம் சூழ்ந்து கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "நான் தமிழில உருக்கமாத்தான் கதைச்சன். அதைச் சிங்களத்தில அமைச்சருக்குச் செல்ல இரிந்தது உங்கட ஊராள்தான். அவர் என்னத்தச் செல்லிக் குடுத்தாரோ, அல்லாஹ்தான் அறிவான்."

ஊர் நம்பியது. ஏற்கெனவே ஆட்டத்தை விற்றவர்தானே, இதையும் விற்றிருப்பார் என்று நம்பியது. என் அக்கா, இரண்டாவது ராத்தாவின் மாப்பிள்ளை வள்ளத்துக்குப் போகிறவர். வாடியில் அவரோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ராத்தா அழுதுகொண்டு வந்து காக்காவிடம் கேட்டார்.

"அவர் செல்றது உண்மையா காக்கா? இல்லாட்டி இல்லண்டு செல்லுங்களேன். பள்ளி முத்தவெளியில நிண்டு ஒரு சொல்லுச் செல்லுங்களேன்."

"உறுப்பினர்ட பேச்சப் பத்தி நான் வெளியில கதைக்க ஏலா கா. அது எங்கட வேலைர கட்டுப்பாடு" என்றார் காக்கா. "உரைபெயர்க்கிற அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள போனா எனக்குச் சொந்த வாய் இல்ல. வெளிய வந்தும் அப்படித்தான்."

எனக்கு அன்று அவர்மேல்கூட எரிச்சல் வந்தது. கொழும்பில் ஆயிரம் பேருக்கு வாயாக இருக்கிற மனிதருக்குத் தனக்கென்று ஒரு சொல் சொல்ல முடியவில்லையே என்று மனம் கொதித்தது.

உண்மையை நாங்கள் அறிந்தது அவர் மௌத்துக்குப் பிறகுதான். காக்காவோடு அதே கண்ணாடிக் கூட்டில் முறை மாற்றி வேலை பார்த்தவர் திருக்கோவிலைச் சேர்ந்த தங்கராசா அண்ணன். ஓய்வு பெற்று ஊரில் இருந்தவர். ஜனாஸாச் செய்தி கேட்டு, பாதை சரியில்லாத அந்த நாட்களில், பஸ்ஸும் சைக்கிளுமாக வந்து சேர்ந்தார். கடலரிப்புக் கதையை ராத்தா அவரிடம் கேட்டார். அவர் திகைத்துப்போனார்.

"அந்தக் கல்லணை விசயமா? அண்டைக்கி நானும் அவரும்தானே இருந்த. உங்கட உறுப்பினர்ர பேரக் கூப்பிட்டாங்க. அவர் சபைக்கே வரல்ல தங்கச்சி. வராத மனிசன்ர பேச்ச உங்கட காக்கா எப்படிச் சிங்களத்தில மாத்துற?"

வேலையைக் காரணம் காட்டி அடங்கிப் போன மனிதரிடம் ஊர் இதைத்தான் செய்தது. சபைக்கு வராத உறுப்பினர் இன்றும் மாலை போட்டுக்கொண்டு திரிகிறார்.

காக்காவுக்குச் சீனி வருத்தம் முற்றிக் காலில் புண் வந்தது. வேலையை விட்டு மருதமுனைக்கு வந்தார். படுக்கையில் இருந்தபடி வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்பார். நாங்கள் போனால் ஆட்டத்தின் நிலவரம் சொல்வார். ஊரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. எங்கள் ஊரில் இருந்து, சொந்தக்காரர்களைத் தவிர, அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. ஒரு திங்கட்கிழமை லுஹருக்கு முன் மதினியின் கையால் இரண்டு மிடறு தண்ணீர் குடித்தார். கலிமா சொல்லியபடி கண்ணை மூடினார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாவுக்கு எங்கள் ஊர் திரண்டு வந்தது. கழகத் தலைவர் சந்தூக்கைத் தோளில் தாங்க முன்னுக்கு வந்தார். மையவாடி வாசலில் நின்று, "நம்மட ஊர்ர சொத்து போயிட்டு" என்றார். மைதானத்தில் தள்ளி நிற்கச் சொன்னபோது அவர் மருதமுனை ஆள். மண்ணுக்குள் போகிற அன்று நம்மட ஊர்ச் சொத்து.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து ஒரு வாரத்தில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். கூட ஆதம்பாவா மாஸ்டரும் வந்திருந்தார். வயதாகி, கோல் ஊன்றி நடக்கிறார். காக்காவின் பெயரில் ஆண்டுதோறும் ஒரு கிண்ணப் போட்டி நடத்தப்போவதாகத் தலைவர் சொன்னார். கழகக் கட்டடத்தில் தொங்கவிடக் காக்காவின் படமும் துடுப்பும் வேண்டும் என்றார். துடுப்பு என்னிடம்தான் இருக்கிறது. பையைத் திறக்காமல் மைதானத்தில் இருந்து திரும்பிய அந்தப் பெருநாளில், போகிற வழியில் அவர் அதை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

"தாறன்" என்றேன். "முதல்ல ஒண்டு செல்லுங்க. அண்டைக்கு எங்கட காக்கா ஆட்டத்த வித்தாரா?"

"அதெல்லாம் பழைய கதை டீச்சர். இப்ப என்னத்துக்கு?"

"பழைய கதைண்டா அவர் உசிரோட இரிக்கக்குள்ள ஏன் முடியல்ல?"

தலைவர் தேநீரைக் கீழே வைத்தார். "மௌத்தானவரப் பத்தி நல்லதத்தான் கதைக்கணும்" என்றார்.

"நல்லதத்தான் நானும் கேக்கிறன். வித்தாரா, இல்லையா?"

அப்போதுதான் ஆதம்பாவா மாஸ்டர் வாயைத் திறந்தார். எங்களைப் பார்க்கவில்லை, தன் கோலைப் பார்த்துச் சொன்னார்.

"சத்தம் எனக்கும் கேட்டது, டீச்சர்."

"என்ன சத்தம்?"

"பந்து பெட்டுல பட்ட சத்தம். தெளிவாக் கேட்டது. ஊர் தோக்கப் போகுதேண்டு பயந்து தலைய ஆட்டிட்டன். அவர் போவாரெண்டு நான் நினைக்கல்ல."

தலைவர், "மாஸ்டர், விடுங்க" என்றார். மாஸ்டர் விடவில்லை. "அவர் அண்டைக்கு என்னத் திரும்பிப் பாத்திட்டுத்தான் போனார். கோபமாப் பாக்கல்ல. நான் அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அந்த ஊட்டுப் பக்கம் போகல்ல" என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வர வேண்டும் என்று வாசிக்கும் சிலர் எதிர்பார்ப்பீர்கள். அன்று வரவில்லை. ஒரு விரலை உயர்த்தியிருந்தால் போதும். அன்று முடியாவிட்டால் மறுநாள் பள்ளியில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காக்கா படுக்கையில் கிடந்தபோதாவது வந்திருக்கலாம். சாய்ந்தமருதில் இருந்து மருதமுனை என்ன மக்காவா? இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் போகும்போது, "நான் செல்லினத உங்கட மலர்ல எழுதுங்க. என்ட பேரையும் போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன். இவ்வளவு பிந்தியாவது ஒருவருக்கு வாய் வந்தது. அதற்காக மட்டும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மற்ற நன்றிகளையும் சொல்லிவிடுகிறேன். காக்காவின் காலைக் கழுவி மருந்து கட்டிய மதினிக்கு, அவர் தம்பிக்கு. அந்தப் பிடியைப் பிடித்த குற்றத்துக்காக எங்கள் ஊர்க் கடைகளில் ஏச்சு வாங்கிய அவர்தான், கடைசி நாட்களில் காக்காவைத் தூக்கி உட்கார வைத்தவர். பாதை கெட்ட நாளில் வந்து உண்மை சொன்ன தங்கராசா அண்ணனுக்கு. கபுறு வெட்டிய மருதமுனைப் பிள்ளைகளுக்கும், இரவு பகலாக ஓதியவர்களுக்கும், சோறாக்கிய அயலவர்களுக்கும். கைம்மாறு செய்ய எங்களால் முடியாது, அல்லாஹ் செய்வான்.

கழகத்துக்கு நன்றி சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. கிண்ணத்தில் பெயரைப் பொறிக்க எங்கள் குடும்பத்துக்குத் தடையில்லை. துடுப்பையும் தருவோம். முதல் போட்டி தொடங்கும் அன்று, நாணயம் சுண்டுவதற்கு முன், தலைவர் அவர்கள் அந்த மைதானத்தின் நடுவில், ஒலிபெருக்கியில், ஊர் கேட்க ஒரு வசனம் சொல்ல வேண்டும். புகழ்ந்து பேச வேண்டாம். நம்மூர் மைந்தன் என்ற பேச்சும் வேண்டாம். நான் சாச்சியின் வேலிக்குப் பின்னால் துடுப்போடு நிற்பேன். காக்கா அன்று அவுட் என்று மட்டும் சொல்லுங்கள்.